மூளைக்குள் சுருங்கிய தமனி: மாத்திரையா, பலூனா, ஸ்டென்ட்டா?

பேசிக்கொண்டிருக்கும்போதே வாய் குழறுகிறது, வலது கை கனக்கிறது, இருபது நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடுகிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் மூளைக்குள் ஓடும் ஒரு தமனியில் எழுபது, எண்பது சதவீதம் சுருக்கம் என்று அறிக்கை வருகிறது. ஒரு மருத்துவர் “மாத்திரையிலேயே பார்க்கலாம்” என்கிறார். இன்னொருவர் “ஸ்டென்ட் வைத்துவிடலாம்” என்கிறார், அதாவது தமனியைத் திறந்து வைக்கும் உலோக வலை. குடும்பம் நடுவில் நின்று தவிக்கிறது.

இந்தத் தவிப்பில் வாசகர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “இதயத்தில் அடைப்பு என்றால் உடனே ஸ்டென்ட் வைக்கிறார்களே, மூளைக்கு மட்டும் ஏன் தயங்குகிறார்கள்?” நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தெரிந்தால் முடிவெடுப்பதில் பாதி வேலை முடிந்த மாதிரி. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

## மூளைத் தமனி ஏன் வேறு மாதிரி

மூளைக்குள் இருக்கும் பெரிய தமனிகளே சுமார் மூன்று மில்லிமீட்டர் அகலம்தான். நடுப்பெருமூளைத் தமனி, மூளைத்தண்டுக்கு ரத்தம் தரும் பேசிலார் தமனி இரண்டும் அந்த அளவுதான். அகலம் மட்டுமே பிரச்சினை என்றால் சமாளித்துவிடலாம், இதயத் தமனிகளும் கிட்டத்தட்ட அப்படித்தானே. சிக்கல் சுவரில் இருக்கிறது. மண்டையோட்டுக்குள் நுழைந்ததும் தமனியின் சுவர் மெலிந்துவிடுகிறது, வெளிப்புற மீள்தன்மை அடுக்கும் அங்கே கிடையாது. சுற்றிலும் தாங்கிப் பிடிக்கத் தசையும் இல்லை. திரவத்துக்குள் மிதக்கும் மெல்லிய குழாய் அது. கிழிந்தால் ரத்தம் மூளையைச் சுற்றித்தான் தேங்கும்.

இதைவிட முக்கியமானவை ‘துளைத் தமனிகள்’. பெரிய தமனியின் பக்கச் சுவரிலிருந்து மயிரிழை போலப் பிரிந்து மூளையின் ஆழத்துக்குப் போகும் கிளைகள் இவை. கை கால் அசைவுக்கான நரம்புப் பாதைகள் பலவும் இவற்றை நம்பித்தான் இருக்கின்றன. ஒரு கிளை அடைபட்டால் அந்த இடத்துக்கு வேறு வழியில் ரத்தம் வராது. நுண்குழாய் வழியே சுருக்கத்துக்குள் கொண்டுபோன சிறு பலூனை விரிக்கும்போது அங்கே படிந்திருக்கும் கொழுப்பு கரைந்து போவதில்லை, ஓரத்துக்கு நகர்கிறது. வாசலைக் கூட்டும்போது குப்பை பக்கத்துச் சாக்கடை வாய்க்குள் போய் அடைத்துக்கொள்வதைப் போல, அந்தக் கொழுப்பு இந்தச் சிறு கிளைகளின் வாயில் போய் உட்காரலாம். படத்தில் பெரிய தமனி அழகாக விரிந்து தெரியும், நோயாளிக்குக் கை விழுந்திருக்கும்.

ஆக, இங்கே கேள்வி ‘அடைப்பைத் திறக்க முடியுமா’ என்பதில்லை. பெரும்பாலும் திறக்க முடியும். திறப்பதால் இந்த நோயாளிக்கு அடுத்த பக்கவாதம் வரும் வாய்ப்பு உண்மையில் குறைகிறதா என்பதுதான் கேள்வி.

## எதை வைத்து எடை போடுவது

சதவீதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளாதீர்கள். கீழே உள்ளவற்றில் கடைசி இரண்டும்தான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கின்றன என்பது என் கருத்து.

முதல் 30 நாள் ஆபத்து. சிகிச்சையே பக்கவாதத்தையோ மரணத்தையோ கொண்டுவரும் வாய்ப்பு எவ்வளவு?

ஓராண்டுக் கணக்கு. முதல் மாத ஆபத்தைக் கடந்தவருக்கு அதன்பின் கிடைக்கும் பாதுகாப்பு, அந்த ஆபத்தை ஈடுகட்டுகிறதா?

பக்கவாதம் வந்த விதம். மூன்று விதமாக வரலாம். சுருக்கத்திலிருந்து ரத்தக்கட்டி உடைந்து முன்னால் போய் அடைத்திருக்கலாம். சுருக்கத்தைத் தாண்டி ரத்தம் போதாமல் போயிருக்கலாம். துளைத் தமனியின் வாயைக் கொழுப்பு மூடியிருக்கலாம். மூன்றாவது வகைக்குப் பலூனும் ஸ்டென்ட்டும் உதவாது, கேடும் செய்யலாம்.

எப்போது வந்தது. பக்கவாதம் வந்து மூன்று நாள் ஆனவரும் மூன்று வாரம் ஆனவரும் ஒன்றல்ல. புதிதாகக் காயம்பட்ட மூளைப் பகுதிக்குள் திடீரென ரத்தம் வேகமாகப் பாய்ந்தால் அங்கே ரத்தக்கசிவு ஏற்படலாம். சுருக்கத்தில் படிந்திருப்பதும் அந்த நாட்களில் கொதிநிலையில்தான் இருக்கும்.

எந்த மருந்து சாப்பிடும்போது வந்தது. எந்த மாத்திரையும் இல்லாமல் இருந்தவருக்கு முதல்முறை வந்தது ஒரு கதை. எல்லா மாத்திரையும் ஒழுங்காகச் சாப்பிட்டும் மறுபடி வந்தது முற்றிலும் வேறு கதை.

## முதல் வழி: தீவிர மருந்துச் சிகிச்சை

“வெறும் மாத்திரைதானா” என்று பலர் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த ‘வெறும்’ என்ற சொல் இங்கே பொருந்தாது.

2005இல் வெளியான வாசிட் ஆய்வு, ரத்தக்கட்டி உருவாவதைத் தடுக்கும் மருந்துகளில் இந்த நோய்க்கு வார்ஃபரின் நல்லதா ஆஸ்பிரின் நல்லதா என்று பார்த்தது. வார்ஃபரின் பக்கவாதத்தைக் கூடுதலாகத் தடுக்கவில்லை, ரத்தக்கசிவு மட்டும் கூடியது. அதன்பின் வந்த சாம்ப்ரிஸ் ஆய்வு மருந்துச் சிகிச்சையையே ஒரு முழுத் திட்டமாக மாற்றியது. ஆஸ்பிரினோடு 90 நாள் குளோபிடோக்ரல் (இதுவும் ரத்தக்கட்டியைத் தடுக்கும் மாத்திரைதான்), அப்புறம் ஆஸ்பிரின் தொடர்ச்சியாக. ரத்த அழுத்தத்தின் மேல் எண் 140க்குக் கீழே, சர்க்கரை நோய் இருந்தால் 130க்குக் கீழே. கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 70க்குக் கீழே. இவற்றோடு புகையை நிறுத்துவது, எடை, உடற்பயிற்சி என்று ஒவ்வொருவரையும் பின்தொடர்ந்து கவனித்தார்கள்.

இந்தத் திட்டத்தில் இருந்தவர்களில் ஓராண்டுக்குள் 12.2 சதவீதம் பேருக்குப் பக்கவாதம் வந்தது அல்லது அவர்கள் தொடக்கத்திலேயே இறந்தார்கள். சுமார் எட்டில் ஒருவர். சின்ன எண் இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதே ஆய்வில் ஸ்டென்ட் வைத்தவர்களின் எண் 20. அதனால்தான் மருந்து முதலிடத்தில் நிற்கிறது.

அந்த ஆய்வின் மருந்துக் குழுவை மட்டும் பின்னர் தனியாக ஆராய்ந்தபோது, நல்ல பலன் பெற்றவர்களைப் பிரித்துக் காட்டிய வலுவான காரணி உடல் உழைப்பு என்று தெரிந்தது. ஒழுங்காக நடந்தவர்கள், உடற்பயிற்சி செய்தவர்கள் நன்றாக இருந்தார்கள். ஸ்டென்ட் பற்றி ஒரு மணி நேரம் பேசும் குடும்பம், நடைப்பயிற்சி பற்றி ஒரு நிமிடம்கூடப் பேசாமல் போவது எனக்கு ஒவ்வொரு முறையும் வருத்தம் தருகிறது.

ரத்த அழுத்தம் பற்றி ஒரு பயம் பரவலாக இருக்கிறது: “சுருங்கிய குழாயில் அழுத்தத்தையும் குறைத்தால் மூளைக்கு ரத்தம் எப்படிப் போகும்?” பக்கவாதம் வந்த முதல் சில நாட்களில் மருத்துவர்கள் அழுத்தத்தைச் சற்று விட்டுப்பிடிப்பது உண்மைதான். ஆனால் நாள்பட்ட கணக்கில், வாசிட் ஆய்வில் இருந்தவர்களில் அழுத்தம் அதிகமாக இருந்தவர்களுக்குத்தான் பக்கவாதம் கூடுதலாக வந்தது. பயந்துகொண்டு 160இல் வைத்திருப்பது பாதுகாப்பு அல்ல.

மறைவான செலவுகள். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். அதற்காகத் தரும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளில் ஒமெப்ரசோல், எசொமெப்ரசோல் இரண்டும் குளோபிடோக்ரலின் வேலையைக் குறைக்கின்றன. வயிற்றெரிச்சலுக்குத் தாங்களாகவே வாங்கிச் சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இன்னொன்று, சிலருடைய உடல் பிறவி மரபணு காரணமாகக் குளோபிடோக்ரலைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றுவதில்லை. ஆசிய வம்சாவளியினரிடம் இது அதிகம், இந்தத் தமனிச் சுருக்கமும் அவர்களிடம் அதிகம். மாத்திரை தவறாமல் சாப்பிட்டும் பக்கவாதம் வந்தால், ‘மருந்து தோற்றுவிட்டது’ என்று எழுதுவதற்கு முன் அந்த மருந்து உடலில் வேலை செய்ததா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பரிசோதனை இருக்கிறது, கேட்கலாம். மாற்று மருந்தும் உண்டு.

எப்போது இதுவே மேல். முதல் முறை வந்தவர்களுக்கு. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகச் சுருக்கம் தெரிந்து, எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்கு. இவர்களுக்கு ஸ்டென்ட் பேச்சே வேண்டாம் என்பேன். சுருக்கம் எழுபதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, துளைத் தமனிப் பக்கவாதம் வந்தவர்களுக்கு, பக்கவாதம் வந்து இரண்டு வாரம்கூட ஆகாதவர்களுக்கும் இதுதான்.

## இரண்டாம் வழி: பலூன் மட்டும்

மூளைத் தமனியில் பலூனை விரித்த அனுபவத்தை அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை மருத்துவர்கள் 1980இலேயே எழுதியிருக்கிறார்கள். பேசிலார் தமனியில், இரண்டு நோயாளிகளுக்கு. வெகுநாள் ஓரமாகக் கிடந்த அந்த முறை இப்போது புது வடிவில் திரும்பியிருக்கிறது: தமனியின் இயல்பான அகலத்தைவிடச் சிறிய பலூனை எடுத்து, மெதுவாக, முழுசாக விரிக்காமல் நிறுத்திவிடுவது. சுருக்கம் முழுவதும் போக வேண்டியதில்லை, ரத்தம் போதுமான அளவு ஓடினால் போதும் என்ற எண்ணம்.

2024இல் வெளியான பேசிஸ் ஆய்வு சீனாவில் 31 மையங்களில் நடந்தது, 501 பேரின் முடிவுகளைக் கணக்கில் எடுத்தது. ஓராண்டுக் கணக்கில் பக்கவாதம் உள்ளிட்ட பாதிப்பு, பலூனும் மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 4.4 சதவீதம், மருந்து மட்டும் பெற்றவர்களுக்கு 13.5 சதவீதம். இந்த நோயில் ஒரு தமனி சிகிச்சை மருந்தை இவ்வளவு தெளிவாக மிஞ்சியது புதுச் செய்தி. எனக்கும் நம்பிக்கை தந்த செய்தி.

ஆனாலும் கொஞ்சம் உள்ளே பார்க்க வேண்டும். அந்தக் கணக்கில் பக்கவாதம் மட்டும் சேரவில்லை. பின்னால் அதே தமனிக்கு மறுபடி திறப்புச் சிகிச்சை தேவைப்பட்டதும் ‘தோல்வி’யாக எண்ணப்பட்டது. முதல் 30 நாளில் பக்கவாதமோ மரணமோ பலூன் பக்கம் 3.2 சதவீதம், மருந்துப் பக்கம் 1.6. அதாவது முதல் மாத ஆபத்து இங்கேயும் பலூன் பக்கம்தான் கூடுதல், பின்னால்தான் ஈடாகிறது. பலூன் பெற்றவர்களில் 14.5 சதவீதம் பேருக்குத் தமனியின் உட்சுவர் கீறியது. பலவற்றுக்குப் பெரிய பின்விளைவு இல்லை, ஆனால் கீறல் பெரிதானால் அங்கேயே ஸ்டென்ட் வைத்துத்தான் ஒட்ட வேண்டும். ‘பலூன் மட்டும்’ என்று கையெழுத்துப் போட்டு உள்ளே போனவர் ஸ்டென்ட்டோடு வெளியே வரலாம். இதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாதம் வந்து இரண்டு வாரம் ஆகாதவர்களை இந்த ஆய்வு சேர்க்கவும் இல்லை.

எப்போது இதைப் பேசலாம். எழுபது சதவீதத்துக்கு மேல் சுருக்கம், அதனால்தான் பக்கவாதம் என்பது உறுதி, இரண்டு வாரம் கடந்துவிட்டது, இந்த முறையில் கைதேர்ந்த குழு இருக்கிறது. இவை நான்கும் சேர்ந்தால் பேசலாம். ஒரு நல்ல ஆய்வின் முடிவு இது. வேறு இடங்களிலும் இதே பலன் திரும்பக் கிடைக்கும்வரை எல்லோருக்குமான பொது விதியாக இதை எடுத்துக்கொள்ள நான் தயாரில்லை.

## மூன்றாம் வழி: ஸ்டென்ட்

பலூன் விரித்த இடம் மறுபடி சுருங்காமல் இருக்க உலோக வலை ஒன்றை அங்கேயே விட்டுவிடுவது. தொடையிலோ மணிக்கட்டிலோ ஊசித் துளை போட்டுத்தான் உள்ளே போவார்கள், பெரும்பாலும் முழு மயக்கத்தில்.

இதன் வரலாறு ஏற்ற இறக்கம் நிறைந்தது. மூளைத் தமனிக்கென்றே செய்த விங்ஸ்பான் ஸ்டென்ட்டுக்கு அமெரிக்காவில் 2005இல் அனுமதி கிடைத்தது. நம்பிக்கையோடு தொடங்கிய சாம்ப்ரிஸ் ஆய்வில் 451 பேர் சேர்ந்த நிலையில், 2011இல் மேற்கொண்டு ஆள் சேர்ப்பதை நிறுத்தினார்கள். காரணம் 30 நாள் கணக்கு: ஸ்டென்ட் பக்கம் 14.7 சதவீதம், மருந்துப் பக்கம் 5.8. பலூனின் மேலேயே ஏற்றி விரிக்கும் வகை ஸ்டென்ட்டைப் பார்த்த விசிட் ஆய்வு 2015இல் வந்தது. அதில் 30 நாளில் ஸ்டென்ட் பக்கம் 24.1 சதவீதம், மருந்துப் பக்கம் 9.4. அடிமேல் அடி.

அப்புறம் நிலைமை கொஞ்சம் மாறியது. ஸ்டென்ட்டை யாருக்கு வைக்கக்கூடாது என்று கற்றுக்கொண்டார்கள். 2012இல் அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு விங்ஸ்பானுக்கான அனுமதியைச் சுருக்கியது: வயது 22 முதல் 80 வரை, சுருக்கம் 70 முதல் 99 சதவீதம், தீவிர மருந்துக்குப் பிறகும் இரண்டோ அதற்கு மேலோ பக்கவாதம், கடைசிப் பக்கவாதம் முடிந்து ஏழு நாளுக்கு மேல், ஓரளவு நன்றாகத் தேறியவர். இந்த வரம்புக்குள் நின்று 152 பேருக்கு வைத்துப் பார்த்த வீவ் ஆய்வில் 2.6 சதவீதம் பேருக்குத்தான் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது. ஒன்றைக் கவனியுங்கள், அது முதல் 72 மணி நேரக் கணக்கு. 30 நாள் எண்களோடு அதை நேராக வைத்துப் பார்க்கக் கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்து மட்டும் பெற்ற குழுவும் அதில் இல்லை.

2022இல் வந்த காசிஸ் ஆய்வு கைதேர்ந்த மையங்களில், பக்கவாதம் வந்து மூன்று வாரம் கடந்தவர்களை மட்டும் எடுத்து, துளைத் தமனிப் பக்கவாதங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தது. ஸ்டென்ட்டுக்கு இதைவிடச் சாதகமான களம் கிடைப்பது கடினம். ஓராண்டு முடிவு ஸ்டென்ட் பக்கம் 8.0 சதவீதம், மருந்துப் பக்கம் 7.2. அதாவது கேடு குறைந்தது, ஆனால் மருந்தைவிட நன்மை ஒன்றும் தெரியவில்லை.

மறைவான செலவுகள். வைத்த வலைக்குள்ளேயே திசு வளர்ந்து மறுபடி சுருங்கலாம். நோவா என்ற சீன ஆய்வில் ஓராண்டில் சாதாரண ஸ்டென்ட்டுகளில் 30.2 சதவீதம் இப்படிச் சுருங்கின, மருந்து பூசியவற்றில் 9.5. அதனால் பின்னாளில் மறுபடி ஸ்கேனும் ஆஞ்சியோகிராமும் எடுக்க வேண்டியிருக்கும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் என்ற இரட்டை மாத்திரையைச் சில மாதம் ஒரு நாளும் விடக்கூடாது. பல் பிடுங்குவது, கண்புரை, முட்டி அறுவைச் சிகிச்சை என்று ஏதாவது திட்டமிட்டிருந்தால் அதையெல்லாம் முன்பே சொல்லி ஒழுங்குபடுத்துங்கள். இன்னொன்று மனம் சார்ந்தது: “ஸ்டென்ட் வைத்தாச்சு, இனிப் பயமில்லை” என்று கொழுப்பு மாத்திரையை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். சரிசெய்தது ஒரு சென்டிமீட்டர் தமனியைத்தான். நோய் உடல் முழுவதும் உள்ள தமனிகளில் இருக்கிறது.

எப்போது இதுவே மேல். எல்லா மருந்தும் சரியான அளவில் எடுத்தும் அதே தமனியின் பகுதியில் மறுபடி மறுபடி பக்கவாதம் வருபவர்களுக்கு. சுருக்கத்தைத் தாண்டி ரத்தம் போதாமல், எழுந்து நின்றாலே அறிகுறி வரும் சிலருக்கு. பலூன் விரித்ததும் உடனே சுருங்கிவிடும் அல்லது கீறிவிடும் தமனிக்கு. இவர்களுக்குக் காத்திருப்பதே ஆபத்தாக இருக்கலாம், அப்போது ஸ்டென்ட்டை மறுப்பதும் தவறாகிவிடும்.

பைபாஸ் பற்றியும் கேட்கிறார்கள். மண்டையோட்டுக்கு வெளியிலுள்ள தமனியை உள்ளே இருப்பதோடு தைக்கும் அறுவைச் சிகிச்சை அது. 1985இல் 1,377 பேரை வைத்து வெளிவந்த ஆய்வில் பலன் இல்லை, நடுப்பெருமூளைத் தமனியில் கடும் சுருக்கம் உள்ளவர்களுக்கு நிலைமை மோசமாகவே ஆனது. இந்தச் சுருக்கத்துக்கு அது வழக்கமான வழி இல்லை.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | மருந்து | பலூன் + மருந்து | ஸ்டென்ட் + மருந்து |
|---|---|---|---|
| 30 நாள் ஆபத்து: சாம்ப்ரிஸ் (2011) | 5.8% | – | 14.7% |
| 30 நாள் ஆபத்து: காசிஸ் (2022) | 2.2% | – | 5.1% |
| 30 நாள் ஆபத்து: பேசிஸ் (2024) | 1.6% | 3.2% | – |
| ஓராண்டு: சாம்ப்ரிஸ் | 12.2% | – | 20.0% |
| ஓராண்டு: காசிஸ் | 7.2% | – | 8.0% |
| ஓராண்டு: பேசிஸ் | 13.5% | 4.4% | – |
| முக்கிய ஆபத்து | வயிற்று ரத்தக்கசிவு, மாத்திரை விட்டுப்போவது | உட்சுவர் கீறல் | சிறு கிளை அடைபடுதல், மூளை ரத்தக்கசிவு, மறுசுருக்கம் |
| திரும்பப் பெற முடியுமா | முடியும் | திறந்தது திறந்ததுதான், ஆனால் உள்ளே வலை இருக்காது | முடியாது, வலை அங்கேயே இருக்கும் |

அட்டவணையைக் குறுக்காக மட்டும் படியுங்கள். ஒவ்வோர் ஆய்விலும் சேர்த்த நோயாளிகள் வேறு, ‘ஓராண்டு’ என்பதில் எண்ணியவையும் வேறு. பேசிஸின் 4.4ஐ காசிஸின் 8.0க்குப் பக்கத்தில் வைத்து ‘பலூன் ஸ்டென்ட்டை வென்றது’ என்று சொல்லக் கூடாது.

இவ்வளவும் யோசிக்க நேரம் இருப்பவர்களுக்கு. திடீரெனத் தமனி முழுசாக அடைத்து, பக்கவாதம் நடந்துகொண்டிருக்கும்போது ரத்தக்கட்டியை எடுக்கப் போன மருத்துவர் கீழே சுருக்கத்தைக் கண்டு அங்கேயே பலூனோ ஸ்டென்ட்டோ போடுவது வேறு சூழல். அங்கே ஒப்பீட்டுக்கு நேரம் கிடையாது, அந்த மேசையில் இருப்பவர்தான் முடிவெடுக்க முடியும்.

## மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

சுருக்கத்தை எதில் அளந்தார்கள் என்று கேளுங்கள். எம்.ஆர்.ஐ. வழியாக எடுக்கும் ஆஞ்சியோகிராம் சுருக்கத்தைக் கூட்டிக் காட்டும் பழக்கம் உள்ளது. அறுபது சதவீதம் அதில் எண்பதாகத் தெரியலாம். நுண்குழாயைச் செலுத்தி எடுக்கும் டி.எஸ்.ஏ. பரிசோதனைதான் துல்லியம். அதற்கும் சிறு ஆபத்து உண்டு என்பதால், திறப்புச் சிகிச்சை உண்மையிலேயே பேச்சில் இருக்கும்போது எடுத்தால் போதும்.

என் பக்கவாதம் மூன்று வகையில் எது? சுருக்கத்தின் மேல் துளைத் தமனிகள் பிரிகின்றனவா? பேசிலார் தமனி என்றால் இதை இரண்டு முறை கேட்கலாம், அங்கே அவை நெருக்கமாக இருக்கும். இந்தக் குழு இதயத்திலோ கழுத்திலோ அல்ல, மூளைக்குள் இதை எத்தனை முறை செய்திருக்கிறது, முதல் மாதத்தில் எத்தனை பேருக்குப் பக்கவாதம் வந்தது? நல்ல மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். இன்னும் மூன்று வாரம் பொறுத்தால் என்ன ஆகும் என்றும் கேளுங்கள்.

போகும்போது ஒரு தாளில் இரண்டு தேதிகளை எழுதிக்கொண்டு போங்கள்: கடைசியாக அறிகுறி வந்த நாள், இரட்டை மாத்திரையும் கொழுப்பு மாத்திரையும் முழு அளவில் தொடங்கிய நாள். நடுவில் விட்டுப்போன நாட்கள் இருந்தால் அவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். அறிகுறி வந்த தேதி முன்னாலும் மாத்திரை தொடங்கிய தேதி பின்னாலும் இருந்தால், உங்கள் உடலில் மருந்து இன்னும் சோதிக்கப்படவே இல்லை என்று பொருள்.

இடையில் மறுபடி வாய் கோணினாலோ, கை கால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, தானாகச் சரியாகிறதா என்று காத்திருக்காமல் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். அந்த நேரத்தையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.